பள்ளத்தாக்கில் தனி அடுப்பு

பின்னல் எந்திரங்கள் ஓய்ந்துகிடக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில்தான் நாங்கள் அந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்குவோம். திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலில் என் அண்ணன் மனைவி நடத்தும் பனியன் கம்பெனியின் மாடி எங்களுக்குக் கூடுமிடம். வாரம் முழுதும் சுழன்ற எந்திரங்கள் கீழே அடங்கியிருக்கும். பஞ்சுத் துகள் மட்டும் அடங்காது. சன்னல் வழியே சாய்ந்து வரும் வெயிலில் அது ஏறுவதும் இறங்குவதுமாக மிதக்கும். கையிலிருக்கும் திரையில், ஓடைக்கரையில் பனி மிதக்கும். அந்த வெண்மை எங்கே முடிகிறது, இந்த வெண்மை எங்கே தொடங்குகிறது என்று சிறிது நேரம் தெரியாமல் இருப்பதே எனக்குப் போதுமான இன்பமாக இருந்தது.

பலர் கூடி ஆடும் இணைய விளையாட்டு அந்தப் பள்ளத்தாக்கு. அதில் வெல்வதற்கோ தோற்பதற்கோ ஒன்றுமில்லை. வீடு கட்டலாம், பயிர் வைக்கலாம், படகு விடலாம். ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திரங்களைப் படைத்து உலவவிடவும் இடமுண்டு. எனக்கு இருவர் இருந்தனர். ஒருவன் ஓடையில் படகோட்டி. மற்றவள் குன்றின்மேல் பானை வனைபவள். அங்கே எங்கள் குடியிருப்பில் இதற்கென ஒரு நெறி வகுத்திருந்தோம். ஒருவருடைய இரு பாத்திரங்களும் ஒன்றுக்கொன்று பொருள் கொடுக்கக் கூடாது. ஒன்று அறிந்ததை மற்றொன்று அறியக் கூடாது. படகோட்டியின் மீன் பானைக்காரியின் சட்டிக்குப் போகாது. குன்றில் அவள் கேட்ட செய்தி கரையில் அவனுக்குத் தெரியாது.

இந்த மறதி எனக்கு எளிதாகவே வந்தது. கம்பெனியில் என் வேலை, துணியின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒரே நூலை ஒரே சாயத்தில் இருமுறை நனைத்தாலும் அவை நிறம் இம்மி மாறும் இரண்டு லாட்டுகள்தாம். ஒன்றில் உடலும் மற்றொன்றில் கையும் வெட்டித் தைத்தால், ஆடையை வெயிலுக்குக் கொண்டுபோனதும் தோளில் ஒரு கோடு விழும். என் இருவரையும் அவ்வாறே கலவாமல் வைத்திருந்தேன். படகில் மிதக்கும்போது குன்று எனக்கு நீல நிறமாகவும், பெயரற்றதாகவும் தெரிந்தது.

ஓடை வளையும் தாழ்விடத்தில் ஒரு பிச்சித் தோட்டம் இருந்தது. அதை வளர்த்தவள் எங்கள் கம்பெனியிலேயே தையல் எந்திரத்தில் அமர்பவள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். அவள் குடியிருக்கும் லைன் வீட்டில் ஒரு பூத்தொட்டி வைக்கவும் இடமில்லை. திருப்பூருக்கு வந்த நாள்முதல், உணவு இடைவேளைகளில் அந்தத் தாழ்விடத்தில் கொடி கொடியாக நட்டு வந்தாள். என் படகு அவ்வழியே போகும்போதெல்லாம் அதன் வேலியருகே வேகத்தைக் குறைப்பேன்.

அந்தத் தாழ்விடத்தில் அணை கட்டிக் குளமாக்க வேண்டும் என்று கேட்டவர் என் அண்ணன் மனைவி. அண்ணன் மனைவியை அழைக்கும் எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை நங்கை என்பேன். அவருக்கும் இருவர்: மேட்டுநிலத்தில் ஓர் உழவன், கரையில் ஒரு வணிகன். உழவனின் வயலுக்கு நீர் வேண்டும். குளம் வந்தால் தோட்டம் மூழ்கும். விளையாட்டில் சூரியன் மேற்குக் குன்றைத் தொடுமுன் அனைவரும் வாக்களிப்பது, வாக்குகள் சமமானால் இருப்பதை இருந்தபடியே விடுவது என்று பேசி முடித்தோம்.

“எனக்கு ரெண்டு ஓட்டு,” என்றார் நங்கை.

“ரெண்டு கேரக்டரும் நீங்கதான ஓனரம்மா? ஆளு ஒண்ணு, ஓட்டு எப்படி ரெண்டாவும்?” என்றாள் தோட்டக்காரி.

“அதெப்படி அம்மிணி? வெவசாயி ஊடு மேட்டுல. யாவாரி ஊடு கரையில. தனித்தனியா அடுப்பு வெச்சாச்சு. எங்கூருக் கோயல் கூட்டத்துல அடுப்பத்தான் எண்ணுவாங்க, ஆள எண்ண மாட்டாங்க.”

கொங்குநாட்டுக் கோயில் கூட்டங்களில் அது பழைய வழக்கம். அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின்கீழ் இருந்தாலும், அடுப்பைப் பிரித்துவிட்டால் அவர்கள் இரு குடும்பம், இரு குரல். குடியிருப்பின் மற்றவர்களும் பெரும்பாலும் இவ்வூர்க்காரர்களே. “ஞாயந்தானுங்க,” “கரெக்ட்டுங்க” என்று திரையில் எழுத்துகள் வரிசையாக ஏறின. அந்த அடுப்புகளில் எரிவது ஒளிப்புள்ளிகள் என்பது இவ்வூர்க்காரர்களான எங்களில் எவருக்கும் உறைக்கவில்லை.

“அங்க ஒல வச்சா சோறே வேவாது. அந்த அடுப்புக்கு ஓட்டா!” என்று அவள் சிரித்தாள். சிரிப்பு கண்வரை எட்டவில்லை.

வாக்குகள் விழுந்தன. மற்றவர்கள் இரு பக்கமும் சமமாகப் பிரிந்துவிட, நங்கையின் இருவரும் என் இருவருமே எஞ்சினோம். உழவன் குளம் வேண்டும் என்றான். என் படகோட்டி வேண்டாம் என்றான். அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தோட்டக்காரி நாற்காலியை என்னருகே இழுத்துக்கொண்டாள். “யக்கா, பானைக்காரியும் வேண்டாம்னுட்டா போதும். ஓனரம்மாவோட யாவாரி எதிர்த்தாலும் சமமாத்தான் நிக்கும். தோட்டம் தப்பிச்சிரும்.”

அவள் கணக்கு சரியானது. நானும் அதையே விரும்பினேன். ஆனால் குன்றுக்குப் போய்ப் பானைக்காரியின் கண்களால் பார்த்தபோது, என் முன்னே வறண்ட சரிவும் வெடித்த களிமண்ணும் கிடந்தன. பானைக்காரி நாள்தோறும் குடத்தோடு அந்தச் சரிவில் இறங்கித் துறையில் நீர் மொண்டு ஏறுபவள். துறைக்கு அப்பால் அவள் போனதில்லை. கொடிகளையும் வேலியையும் கண்டவன் படகோட்டி. குளம் வந்தால் நீர் சரிவருகே வரும்; அது அவளுக்கு விடிவு. அவளுடைய வாயைப் பொத்திக்கொண்டு அவன் வாக்கை இரண்டாம் முறை இடுவதானால், அவளை நான் படைத்திருக்கவே வேண்டியதில்லை. வேண்டும் என்று அழுத்தினேன்.

தோட்டக்காரி திரையிலிருந்து என் பக்கம் திரும்பினாள். “நல்லாருக்குக்கா. இதுக்கு ஓனரம்மாவே தேவல.” நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

“ஏங் கண்ணு, வெரலு மாறிப் பட்டுருச்சா?” என்றார் நங்கை. “தோட்டம் வேணுமின்னுதானே இத்தன நேரம் சொல்லீட்டு இருந்தே?”

“எனக்கு வேணுமுங்க. பானைக்காரிக்குத் தண்ணி வேணுமுங்களே. தனி அடுப்புன்னு நீங்கதானுங்க சொன்னீங்க.”

நங்கை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு தானாக அடங்கியது. வெளியே தெருவில் யாரோ இந்தியில் பாடிக்கொண்டு போனார்.

“எங்கய்யனும் சின்னய்யனும் அப்படித்தான்,” என்றார் நங்கை, மெதுவாக. “அடுப்பப் பிரிச்சதுக்கப்பறம், கோயல் கூட்டத்துல எங்கய்யன் சரின்னா அவரு ஆகாதும்பாரு. கூட்டம் கலஞ்சா ரெண்டு பேரும் ஒரே வண்டீலதான் ஊட்டுக்கு வருவாங்க.”

சொல்லிக்கொண்டே திரையில் தம் வணிகனைத் தேடினார். அவன் தாழ்விடத்துக்குக் கீழே படகில் துணிப்பொதிகளோடு அமர்ந்திருந்தான். நீர் அவனைச் சுற்றி மெல்ல ஒளிர்ந்து போய்க்கொண்டிருந்தது. அணை எழுந்தால் அந்த நீர் அவனிடம் வராது.

“இவம் பொழப்பே ஓடையில இருக்குது,” என்றார். சூரியன் குன்றின் விளிம்பை நெருங்கியது. “போடா யாவாரி! எஞ் சோத்தையே தின்னுபோட்டு எனக்கே எதிரா நிக்கற.” வேண்டாம் என்று அழுத்தினார்.

வாக்குகள் சமமாகி நின்றன. குன்று சூரியனை விழுங்கியது. தோட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது.

தோட்டக்காரி எழுந்து போய் மூவருக்கும் தேநீர் வாங்கி வந்தாள். எனக்குக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆயினும் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் படகின் முனையில் பிச்சிச் சரம் தொங்கியது. நங்கையின் வணிகனுக்கும் ஒன்று. உழவனுக்கு இல்லை. பானைக்காரி அன்றுதான் முதன்முறையாகத் துறையைத் தாண்டித் தாழ்விடத்துக்கு நடந்துவந்தாள். வேலிப்படல் அவள் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

“ஏங்க, இது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?” என்றேன் தோட்டக்காரியிடம்.

“குளம் வேணும்னவளுக்குப் பூ கெடையாதுக்கா,” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். தனி அடுப்பு அவளுக்கும் பிடிபட்டுவிட்டிருந்தது. பின்பு மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து, காலையில் கடைவீதியில் வாங்கிய பிச்சியைப் பாதியாக நறுக்கி என் கூந்தலில் வைத்துவிட்டாள்.

பானைக்காரி குடத்தோடு திரும்பிக் குன்றேறத் தொடங்கினாள். வெயிலில் பஞ்சு மிதந்தது. பூவின் மணம் எனக்கு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியக் கூடாது. வேலிக்கு அப்பால் இருப்பது என்ன பூ என்று அறியாதவளாகவே, சரிவின் உச்சிவரை அவளை நடத்திக்கொண்டு போனேன்.