ஆப்பிரிக்கா போக எதற்கு இத்தனை படிப்பு என்று கேட்டவர்

இன்று காலை மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பஸ்ஸில் நடந்தது. இன்னும் கோபம் அடங்கவில்லை.

என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். அடுத்த வாரம் வேலைக்காகத் தான்சானியா போகிறார். அங்கே பெரியவர்களைப் பார்த்தால் சின்னவர்கள்தான் முதலில் "ஷிகாமூ" என்று வணக்கம் சொல்ல வேண்டுமாம். போனில் கேட்டுக் கேட்டு இரண்டு பேரும் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தோம்.

முன் சீட்டுக்காரர் திரும்பினார். "எந்த நாட்டுக்குங்க?"

சொன்னோம். சிரித்துவிட்டார்.

"ஆப்பிரிக்காவுக்கா இத்தனை படிப்பு? அவங்களுக்கு நாமதானுங்க நாகரிகம் சொல்லிக்குடுக்கோணும். எம்பையன் கனடா போறப்ப, அங்க எப்படிப் பேசோணும், எப்படிப் பழகோணும்னு கிளாஸுக்கே அனுப்புனேன். அது வேறங்க."

"என்னங்க வேற?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, "உடு சாமி" என்றார். நான் விடவில்லை.

"அவங்க ஊட்டுக்குப் பொழைக்கப் போறது நாமங்க. மொதல்ல கும்பிட வேண்டியதும் நாமதானுங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன் சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருச்செங்கோட்டில் இறங்கும்போது, பூக்கூடையோடு படிக்கட்டருகே நின்ற ஒரு அம்மாவை "ஏய், நகரு" என்று அதட்டிவிட்டு இறங்கிப் போனார்.

உள்ளூரிலேயே இருப்பவர்களுக்கு மரியாதை சொல்லித்தர யாராவது இருக்கிறார்களா? தெரிந்தால் கமெண்டில் போடுங்கள்.