சம்பந்திக்கு ஏற்ற சைக்கிள் சீட்

என் வீட்டுப் பரணில் ஆறு சைக்கிள் சீட்டுகள் இருக்கின்றன. ஏழாவது என் சைக்கிளில் மாட்டியிருக்கிறது. ஏழும் என் சம்பந்தியினுடையவை. உட்காரும் இடத்தில் வலிக்கிறது என்று அவருக்காக எட்டு மாதம் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்த்தோம். வலி சீட்டால் வரவில்லை என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்குமோ என்னவோ.

என் மகளை அவருடைய மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் கிருஷ்ணகிரிக்கு அடுத்த காவேரிப்பட்டினத்துக்காரர். முப்பத்தொரு வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்று, ஓசூரில் மகன் வீட்டோடு வந்து சேர்ந்தார். அந்த வீடு என் வீட்டிலிருந்து அறுநூற்று நாற்பது தப்படி. நான் இங்கே மோட்டார் வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலையில் முப்பத்துமூன்று வருடம் தர ஆய்வாளராக இருந்தவன். ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் அளக்காமல் கீழே வைக்க மாட்டேன். என் மனைவிக்கு இதனால் என்மேல் தீராத எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் நாங்கள் இருவரும் சைக்கிளில் இராயக்கோட்டை சாலையில் பதினோரு கிலோமீட்டர் போவோம். அங்கே ஒரு டீக்கடை. டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். போகும்போது இருநூற்று நாற்பத்தொரு மின்கம்பங்கள். எதிரே தக்காளி ஏற்றிய வண்டிகள் வரும். அவர் முன்னால் போவார், நான் பின்னால். தபால்காரர் மிதிப்பது தனி மிதி. அவசரமே இருக்காது, ஆனால் நான் எட்டிப் பிடிக்க முடியாது.

பேத்தியின் காதுகுத்து காவேரிப்பட்டினத்தில் நடந்தபோது பந்தியில் உட்கார்ந்து அவர் ஒரு வார்த்தை விட்டுவிட்டார்.

"அடுத்த தடவ பஸ்ஸு கிஸ்ஸு வேணாங்க சம்பந்தி. ரெண்டு பேரும் சைக்கிள்லயே வந்துடலாம்."

ஓசூரிலிருந்து காவேரிப்பட்டினம் என் கணக்கில் அறுபத்தொரு கிலோமீட்டர். அவருடைய தம்பி எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயில் இருந்த சோற்றை விழுங்காமலே சிரித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சைக்கிள் மிதிச்சிக்கினு இங்க வந்து சேந்துட்டா, நான் மொட்ட அடிச்சிக்கிறேன் போ. வழியில ஆம்புலன்ஸுல ஏறாம வரணும், ஆமா!"

"மொட்ட அடிக்க உன் தலையில இன்னா கீது?" என்றார் சம்பந்தி. பந்தியே சிரித்தது.

அதிலிருந்துதான் எங்களுக்கு அந்தப் பயணம் பிடித்துக்கொண்டது. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழகுவது என்று திட்டம் போட்டேன். மூன்றாவது ஞாயிறு டீக்கடையில் அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காராமல் நின்றார்.

"உக்காருங்க."

"இல்லீங்க, நிக்கறேன். இந்தச் சீட்டு கொஞ்சம் மொறைக்குதுங்க."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சம்பந்திகள் இருவர் எதை வேண்டுமானாலும் பேசலாம், சர்க்கரை, பிரஷர், மகனின் கோபம், மருமகளின் சமையல் எல்லாம் பேசலாம். இடுப்புக்குக் கீழே பேச முடியாது. பெண் கொடுத்த வீட்டுக்கும் பெண் எடுத்த வீட்டுக்கும் நடுவே அந்த மரியாதை எப்போதும் இஸ்திரி போட்டு மடித்தபடியே இருக்கும். அதனால் எங்கள் பேச்சில் வலி அவருடையதாக இல்லை, சீட்டினுடையதாகவே இருந்தது. சீட் முறைக்கிறது. சீட் கடிக்கிறது. இன்றைக்குச் சீட் பரவாயில்லை.

எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. ஒரு பாகத்தில் குறை என்று சொன்னால் எனக்கு வேறு என்ன வேண்டும்? அன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக் கோடு போட்டேன். சீட் எண், அகலம், எத்தனையாவது கிலோமீட்டரில் வலி, திரும்பும்போது எப்படி. ஆலையில் சொல்வோம், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. அப்படியே செய்தேன். சீட் சரியாகும்வரை தூரத்தையும் கூட்டவில்லை.

முதலாவது அவருடைய பழைய தோல் சீட். இரண்டாவது அகலமாக, அடியில் இரண்டு ஸ்பிரிங் வைத்தது. மூன்றாவது மேலே ஜெல் மெத்தை. நான்காவது பையன்கள் ரேஸ் ஓட்டுகிற ஒடுங்கிய சீட், அது வந்த வேகத்தில் பரணுக்குப் போயிற்று. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒருநாள் அவருடைய எலும்பு அகலத்தை அளந்தேன். இரண்டு உட்காரும் எலும்புகளுக்கும் இடையே உள்ள தூரத்துக்கு ஏற்பத்தான் சீட் வாங்க வேண்டும் என்று படித்திருந்தேன். அட்டைப்பெட்டியைக் கிழித்து நாற்காலியில் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். அவர் கூச்சத்தில் கதவைச் சாத்தச் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எந்திரிக்கலாமாங்க?"

"இன்னும் ஒரு நிமிஷம்."

"பரீட்ச எழுதறாப்புல கீதுங்க சம்பந்தி."

எழுந்ததும் அட்டையில் விழுந்த இரண்டு பள்ளங்களின் நடுவை வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர். மூன்று மாதம் கழித்துச் சந்தேகத்துக்கு இன்னொரு முறை அளந்தேன். அதே நூற்றுப் பதினெட்டு. ஆனால் பள்ளங்கள் முன்பைவிட ஆழமாக, சிறியதாக விழுந்திருந்தன. நோட்டில் எழுதியிருக்கிறேன்: 'பள்ளம் கூர்மை.' சதை குறைந்தால்தானே எலும்பு அப்படிக் குத்தும்? எழுதத் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை. அட்டை மெல்லியது என்று நினைத்துக்கொண்டேன்.

சைக்கிள் கடைக்காரர் தெலுங்கு வீட்டுக்காரர். என்னைப் பார்த்தாலே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவார்.

"வாங்க சார், இன்னைக்கு எந்த சீட்டு ஃபெயிலு?"

"அஞ்சாவது. நடுவுல பள்ளம் விட்டது."

"சார், என் அனுபவத்துல அஞ்சு சீட்டு மாத்தின ஆளே இல்ல. சீட்ட மாத்தறத நிறுத்திட்டு, ஆள மாத்திப் பாருங்க சார்."

கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. ஆலையிலும் அப்படிச் செய்வோம், குறையுள்ள பாகத்தை நல்ல இயந்திரத்தில் போட்டுப் பார்ப்போம். அடுத்த ஞாயிறு அவருடைய சைக்கிளை நான் ஓட்டினேன், என்னுடையதை அவர் ஓட்டினார். எனக்கு இருபத்திரண்டு கிலோமீட்டரிலும் வலி இல்லை. அவருக்கு என் சீட்டிலும் வலித்தது. இதை ஆலையில் ஒரு புதிய பையனிடம் காட்டியிருந்தால்கூட, பாகத்தில் குறை இல்லை, வேறெங்கோ பார் என்று சொல்லியிருப்பான். முப்பத்தொரு வருடம் காய்ந்த தோல் சீட்டில் உட்கார்ந்து ஊர் ஊராகத் தபால் கொடுத்தவருக்கு இப்போது மட்டும் ஏன் சீட் முறைக்க வேண்டும்? நான் எழுதிய முடிவு: 'இருவர் அளவும் வேறு. ஆறாவது பார்க்கவும்.'

ஒவ்வொரு சீட்டையும் கழற்றிக் கொடுக்கும்போது அவர் கழுவித் துடைத்துக் கொடுப்பார். ஐந்தாவது வெளிர் சாம்பல் நிறம். அதை வாங்கும்போது இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "எதுக்குங்க இவ்வளவு கழுவறீங்க?" என்றேன். "ஒருத்தர் உக்காந்த சீட்டுங்க, அப்படியே குடுக்கலாமா?" என்றார். சுத்தமான மனிதர் என்று நினைத்தேன்.

ஏழாவது சீட் ஓசூரில் கிடைக்கவில்லை. நான் பஸ் ஏறிப் பெங்களூர் போய் நான்கு கடைகள் பார்த்து வாங்கினேன். அகலம், நடுப்பள்ளம், ஸ்பிரிங் மூன்றும் சேர்ந்தது. திரும்பும்போது பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஞாயிறு காலை அதை நானே மாட்டி, ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டம் சரிபார்த்துக் கொடுத்தேன். அவர் ஏறி உட்கார்ந்தார். நூறு கம்பங்கள் தாண்டும்வரை பொறுத்திருந்தேன்.

"எப்படி இருக்குதுங்க?" என்று பின்னாலிருந்து கத்தினேன்.

"சோபாவாட்டம் கீதுங்க! இதாங்க நம்ம சீட்டு!"

எனக்கு வந்த சந்தோஷத்தில் அதற்குமேல் கம்பத்தை எண்ண மறந்துவிட்டேன். டீக்கடையில் அவர் வழக்கம்போல் நின்றுகொண்டே டீ வாங்கினார். ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பெஞ்சின்மேல் பார்த்து வைத்தார். பிறகு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். முகம் வேர்த்து வெளுத்திருந்தது. டீக்கடைக்காரர் ஓடிப்போய் ஓர் ஆட்டோவை மறித்தார். சம்பந்தியைத் தூக்கும்போதுதான் காக்கிக் கால்சட்டையின் பின்புறத்தைப் பார்த்தேன். காக்கியில் இரத்தம் கறுப்பாகத் தெரிந்தது.

மலக்குடலில் கட்டி. ஈரல்வரை போய்விட்டது என்றார்கள். மருத்துவர் இளம் பெண். மகனைப் பார்த்து, எத்தனை நாளாக இந்த வலி என்று கேட்டார். மகனுக்குத் தெரியவில்லை. என் மகளுக்கும் தெரியவில்லை. சம்பந்தி கண்ணை மூடிப் படுத்திருந்தார். அந்த அறையில் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"எட்டு மாசம்" என்றேன். "முப்பத்துநாலு ஞாயிறு. முதல்ல எட்டாவது கிலோமீட்டர்ல வலி. அப்புறம் அஞ்சாவது, அப்புறம் ரெண்டாவது. நோட்டுல இருக்குது."

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு தெரிஞ்சும் ஏங்க கூட்டிட்டு வரல? முன்னாடியே வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாமே."

வெளியே வந்ததும் என் மகள் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பா, மாமாவுக்கு வலின்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? நீங்க சீட்டு மாத்திக்கிட்டே இருந்தீங்களா?"

ரிட்டையரான இரண்டு கிழவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப்பிறகு அவர் நான்கு மாதம் இருந்தார். மல்லாந்து படுக்க முடியாது, ஒருக்களித்தே கிடப்பார். நான் தினமும் அறுநூற்று நாற்பது தப்படி போய், முகம் தெரிகிற பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது கேட்டேன்.

"இரத்தம் வந்தது உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"தெரியுங்க. ரெண்டாவது சீட்டுலயே தெரியும். மூலம்னு நெனச்சிக்கினேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சம்பந்திகிட்ட போய் அத எப்படிங்க சொல்றது?" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்க வேற அவ்வளவு ஆசயா அளந்துக்கினு இருந்தீங்க. ஒவ்வொரு தடவயும், இந்தச் சீட்டுல சரியாப் பூடும்னு எனக்கும் தோணும்."

"ஏழாவது சோபா மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே?"

"பெங்களூரு வரைக்கும் போயி வாங்கியாந்தீங்க. நல்லா இல்லன்னு வாய் வருமாங்க?" என்று சிரித்தார். "அத உங்க வண்டியில போட்டுக்குங்க. வீணாப் போவக் கூடாது."

அவருடைய கருமாதி காவேரிப்பட்டினத்தில், தென்பெண்ணைக் கரையில். எல்லோரும் வேனில் கிளம்பினார்கள். நான் முதல் நாளே விடிந்ததும் சைக்கிளில் கிளம்பிவிட்டேன். அறுபத்தொன்பது வயதில் உங்களுக்கு என்ன வேண்டுதலா என்று என் மனைவி கத்தினாள். மகள் மட்டும் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் மாட்டினாள். நெடுஞ்சாலை ஓரமாகவே மிதித்தேன். மேடு வந்த இடமெல்லாம் இறங்கித் தள்ளினேன். கிருஷ்ணகிரியில் தங்கிவிட்டு, மறுநாள் காலை மிச்சத் தூரத்தை முடித்தேன்.

தொடை வலித்தது. மணிக்கட்டு வலித்தது. சீட் வலிக்கவில்லை. எங்கேயாவது வலிக்கும், வலித்தால் இறங்கி நிற்கலாம் என்று ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் பார்த்துக்கொண்டே வந்தேன். அறுபத்தொன்றும் முடிந்தது. குறை சொல்ல முடியாத சீட்.

ஆற்றுக்குப் போகும் மண் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். கரையில் சிரைத்துக்கொண்டு முதலில் எழுந்து வந்தவர் அவருடைய தம்பி. மொட்டைத் தலையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என்னையும் சைக்கிளையும் பார்த்தார். அவருக்கும் அந்தப் பந்தி ஞாபகம் வந்திருக்க வேண்டும். துண்டால் தலையைத் துடைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ரெண்டு பேரும் வந்தாத்தானே சம்பந்தி நான் அடிச்சிக்கிறதா சொன்னேன்" என்றார்.

நான் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன். மணலில் அது நிற்கவில்லை. அவரே வந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டார்.