நியான் படத்தில் ஒரு திருத்தம்

பாடநூல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவருக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. கல்யாணப் பத்திரிகையை நீட்டினால், வாழ்த்துவதற்கு முன் ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு தடவை மருத்துவர் எழுதிய சீட்டைத் திருத்திக் கொடுத்துவிட்டு, பிறகு வேறு மருத்துவரைத் தேட வேண்டியதாயிற்று. இருபத்தாறு வருடத்தில் அவர் கையைத் தாண்டிப் பிழை எதுவும் போனதில்லை என்பது அலுவலகத்தின் நம்பிக்கை. அவருடைய நம்பிக்கை அதைவிடக் கொஞ்சம் பெரிது.

வேதியியல் புத்தகம் அச்சேறவிருந்த அன்று, நியான் அணுவின் வரைபடம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. மூன்று சிகரங்கள். அடிக்கோட்டில் இடமிருந்து வலமாக 100, 10, 1 என்று எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவருக்கு உடம்பே கூசியது. நேரே போய், பக்கம் வடிவமைக்கும் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கதவோர மேசை அவளுடையது. ஒப்பந்த ஊழியர், இன்னும் இரண்டு மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது.

“எண்ணெல்லாம் தலைகீழா இருக்கு பாரும்மா. திருப்பிப் போடு.”

“எழுதினவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா சார்?”

“ஒண்ணுக்கு அப்புறம் பத்துன்னு சொல்ல அவர் எதுக்கும்மா?”

அவள் திருப்பிப் போட்டாள்.

மாதிரிப் பிரதிகள் பள்ளிகளுக்குப் போயின. அதில் ஒன்று அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்து சேர்ந்தது. மனைவி வேதியியல் ஆசிரியை.

“என்னங்க, உங்க ஆபீஸ்ல எந்த மேதாவி இந்தப் படத்துல கை வச்சது?”

“ஏன், அதுக்கென்ன?”

“அணு மேல எக்ஸ் கதிரைப் பாய்ச்சினா எலக்ட்ரான் தெறிச்சு வெளிய வரும். அது வர்ற வேகத்தை அளந்தா, உள்ள எவ்வளவு இறுக்கமா இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சுடலாம். நியானுக்கு உள்கூட்டுல ரெண்டு இருக்கு. அதைப் பிடுங்க எண்பத்து நாலு அலகு ஆற்றல் வேணும். படத்துக்குக் கீழ ஓடுற எண்ணெல்லாம் அந்த ஆற்றல்தான். வெளி ஓரத்து ஆறுக்கு ரெண்டு சொச்சம் போதும். உங்க புத்தகத்தைப் பார்த்தா, உள்ள இருக்கிறது ஊதினா வந்துடும், வாசல்ல நிக்கிறது அசையவே அசையாது.”

“சின்ன எண்ல இருந்துதானே ஆரம்பிக்கணும்?”

“அணுக்கரு இடது பக்கம் இருக்கிற மாதிரி நினைச்சுப் போட்ட படம் இது. எண்ணைத் திருப்பித்தான் ஆகணும்னா சிகரத்தையும் சேர்த்துத் திருப்பியிருக்கணும். பாதியில விட்டது யாரு?”

“யாரோ.”

மனைவி தண்ணீர்ச் செம்பை எடுத்தார். “அந்த யாரோவுக்குக் குடிக்கத் தண்ணி வேணுமா?”

மறுநாள் காலை, பள்ளிகள் அனுப்பிய புகார் அச்சக மேலாளரின் மேசையில் இருந்தது. முடிவும் பக்கத்திலேயே இருந்தது. பக்கத்தைச் செய்தது அந்தப் பெண். ஆகவே ஒப்பந்தம் நீட்டிப்பு இல்லை. அலுவலகங்களில் இது வழக்கம்தான். மேலாளர் அறையை ஒட்டி உட்கார்ந்திருப்பவரைக் கிளப்ப பூகம்பம் வர வேண்டும். கதவோரத்தில் இருப்பவருக்கு ஒரு கையெழுத்து போதும்.

பூதக்கண்ணாடி உள்ளே போனார்.

“அது நான் பண்ணின தப்பு சார்.”

மேலாளர் சிரித்தார். “பாவம் பார்க்கிறீங்க. உங்க நல்ல மனசு எங்களுக்குத் தெரியாதா?”

“மனசு இல்ல சார். தப்பு.”

“எழுதிக் குடுங்க, பார்ப்போம்.”

எழுதிக் கொடுத்தார். மேலாளர் இரண்டு தடவை படித்துவிட்டுத் தாளை அவர் பக்கமே தள்ளினார். “ஒரு பிழைகூட இல்ல. இதை எழுதின கையா அதைச் செஞ்சது?”

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பெயர் அவருக்கே குறுக்கே நின்றது. கடைசியில், சொல்லக் கூசிய விஷயத்தையும் சொல்லிவிட்டார்.

“எழுதினவர்கிட்ட கேக்கலாமான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு சார். நான்தான் வேணாம்னேன்.”

மேலாளர் சிரிக்கவில்லை. தள்ளிய தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் நீண்டது. அறிவியல் பக்கங்கள் அவர் கையைவிட்டுப் போயின. இனி இலக்கணமும் கட்டுரையும்தான். அச்சடித்துக் கிடங்கில் அடுக்கியிருந்த எல்லாப் பிரதிகளிலும் சரியான படத்தை ஒட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூன்று நாள் எல்லோரும் பசையும் கையுமாக இருந்தார்கள். வேலைக்குக் காரணம் யார் என்று தெரிந்ததும், பைண்டிங் ஆட்கள் அவரை ‘பிளாஸ்திரி சார்’ ஆக்கிவிட்டார்கள். அவர் மறுக்கவில்லை.

எதிர் நாற்காலியில் அந்தப் பெண் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவர் முடித்து வைத்த புத்தகம் ஒன்றைத் திறந்து பார்த்து, கொஞ்சம் தயங்கி, அவர் பக்கம் நகர்த்தினாள்.

“சார், இது கோணலா இருக்கு.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ஆமாம்மா,” என்று சொல்லிவிட்டு, ஈரம் காய்வதற்குள் மெல்ல உரிக்கத் தொடங்கினார்.