மாடிப்படி பல்பும் எங்கள் அக்காவும்

அக்காவின் நினைவு நாளன்று கையில் கொடுக்க வேண்டிய இந்த நினைவு மலரை ஒரு வாரம் முன்னதாகவே அனுப்புகிறேன். நீங்கள் இதைப் படித்துவிட்டு வர வேண்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்கா வில்லியனூர் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா தவறியபோது பத்தாவது முடித்திருந்தார். மேலே படிக்காமல் டவுனில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தங்கையான என்னைப் படிக்க வைத்தார், திருமணம் செய்து வைத்தார். தனக்கென்று குடும்பம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். கடைசி வரை மூலக்குளத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தார்.

பல்பு கேட்டு வருகிறவர்களிடம் அக்கா முதலில் வாட்ஸ் கேட்க மாட்டார். "எந்த இடத்துக்கு? அங்க யாரு என்ன செய்வாங்க?" என்பார். சி.எஃப்.எல். என்ற சுருள் குழல் பல்பு வந்த புதிதில் எல்லாரும் வீடு முழுக்க அதையே கேட்டார்கள்.

"ஹாலுக்கு வாங்கிட்டுப் போங்க, ரொம்ப நேரம் எரியும், கரண்ட் மிச்சமாகும். மூடின கண்ணாடி ஷேடுக்குள்ள போட்டுடாதீங்க, சூட்டுல சீக்கிரம் போயிடும். மாடிப்படிக்கு வேணாம். சுவிட்ச் போட்ட உடனே முழு வெளிச்சம் வராது."

"விக்கிறவங்களே வேணாம்னா எப்படிக்கா?" என்று ஒருவர் கேலி செய்தார்.

"நீங்க விழுந்து வச்சா உங்க வீட்டம்மா என்னைத்தான் தேடி வருவாங்க" என்றார் அக்கா. பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன்.

போன வருடம் என் மகள் பள்ளியில் மின்சாரச் சிக்கனம் பற்றிக் கேட்டுவிட்டு வந்து, எங்கள் மாடிப்படியின் குண்டு பல்பைக் கழற்றி சி.எஃப்.எல். மாட்டினாள்.

"எப்படி இருக்கு பெரியம்மா?"

"நல்லாத்தான்டி இருக்கு. முழிச்சுக்க நேரமாகுது, உன்னை மாதிரி."

என்னிடம் தனியாக, "ஆசையா மாட்டியிருக்கா, இருக்கட்டும். நான் நின்னு நிதானமா ஏறிக்கிறேன்" என்றார்.

சில வாரங்களில், ஒரு சாயங்காலம், அந்தப் படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. படுக்கையிலேயே நெஞ்சில் சளி கட்டி, மூன்றாவது வாரம் எங்களை விட்டுப் போய்விட்டார். தலை சுற்றியதா, வெளிச்சம் போதவில்லையா என்று நான் கேட்டதற்கு, "தெரியலடி. பாப்பாகிட்ட எதுவும் கேக்காத" என்று மட்டும் சொன்னார்.

காரியத்தன்று யாரோ "அந்த பல்புதான் காரணம்" என்றது என் மகள் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் மாடிக்குப் போவதில்லை. பகலில்கூட விளக்கை அணைக்க விடுவதில்லை. நான்கு பேர் வந்தால் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். நீங்கள் எல்லாரும் வரும் அன்றும் அப்படியே செய்துவிடுவாளோ என்று பயப்படுகிறேன்.

அந்த பல்பு மாடிப்படிக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கடையில் நின்று காதால் கேட்டவள் நான். மாற்ற இரண்டு நிமிடம் போதும். மாற்றவில்லை. கேட்பதாக இருந்தால் என்னைக் கேளுங்கள்.

மருத்துவமனையில் முறை வைத்து அக்காவுடன் தங்கிய உறவுப் பெண்களுக்கும், ரத்தம் கொடுத்த தெருக்காரர்களுக்கும், கடையை மூடிவிட்டு வந்து நின்ற முதலாளி ஐயாவுக்கும் எங்கள் நன்றி. இனி ஓர் உதவிதான் பாக்கி. நினைவு நாளன்று என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவள் பெரியம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள். படியைப் பற்றி மட்டும் வேண்டாம். அவள் வெளியே வந்து உங்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் எனக்கு அது போதும்.