உப்பு ஒத்தடம்

நாய் என்றாலே எனக்குக் குமட்டும். எழுபதுகளில் தூத்துக்குடியில் கடலில் எடுத்த சங்குகளைக் குவித்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க அழுகிய சங்குச் சதையின் வீச்சத்தில் நின்றுவிட்டு வீடு திரும்பினால், வாசலில் என் மனைவி வளர்த்த நாய் எச்சில் ஒழுக நிற்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு அதுதான் எல்லாம்.

ஒருநாள் அந்தச் சனியன் என் பின்னாலேயே கிட்டங்கிக்கு வந்து, உடைந்த சங்கில் பின்னங்காலைக் கிழித்துக்கொண்டது. நாலே நாளில் கால் வீங்கிச் சீழ் கொட்டியது. கால்நடை ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிப் போனேன். சட்டையெல்லாம் சீழ்.

டாக்டர் தொடையில் பென்சிலின் ஊசி போட்டார்.

"அண்ணாச்சி, மருந்து சதைக்குள்ள தங்கி, கொஞ்சங் கொஞ்சமா ரத்தத்துல சேரணும். தேய்ச்சாலோ சூடு வச்சாலோ சட்டுனு ஏறி, மூத்திரத்தோட வெளிய போயிரும். பொறவு புண்ணுக்கு என்ன மிஞ்சும்? நாளைக்கும் ஊசி உண்டு. சீழ் நிக்கலைன்னா காலை எடுக்கணும்."

துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் நாயை வாசலில் இறக்கிவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குளித்துவிட்டு வந்தால், அவள் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, ஊசி போட்ட இடத்தில் ஒத்திக்கொண்டிருந்தாள். உப்பளம் சூழ்ந்த எங்கள் ஊரில் யாருக்கு ஊசி போட்டாலும் அப்படித்தான். நின்ற இடத்திலிருந்தே வேண்டாம் என்று கத்தியிருக்கலாம். கத்தினால், அப்போ நீங்களே வந்து புண்ணைப் பாருங்க என்பாள். அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் போக எனக்கு ஏலவில்லை. நாய் அங்கேயே மூத்திரம் பெய்தது. மருந்து போகிறது என்று தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாளும் இதே கதைதான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு அவளும் வந்தாள். டாக்டர் புண்ணின் கட்டை அவிழ்த்ததும் எலும்பு தெரிந்தது.

"ஊசி போட்ட எடத்துல தேய்ச்சீங்களாம்மா?"

"இல்ல டாக்டர். உப்பு ஒத்தடந்தான் குடுத்தேன், மூணு வேளையும்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அண்ணாச்சி!"

ஒத்தடம் மட்டுமே காரணம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் காலை எடுத்துவிட்டார்.

திரும்பும்போது நாயை அவளே தூக்கி வந்தாள். வீட்டில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன். பிறகு, நாயை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தவளின் அருகில் முதல்முறையாகப் போய் உட்கார்ந்தேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நாயிடம் அவள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.