குமணன்சாவடிக்கு மூன்றாவது ஞாயிறு

என் கால்களுக்கு அப்போது ஓர் இடம் போதாது. நில் என்றால் நடக்கும், நட என்றால் ஒயின்ஷாப் பக்கம் திரும்பும். ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் இரண்டு அறைகளுக்குள் நான் நடந்த நடையை நீட்டிப் போட்டால் பெங்களூரே வந்திருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு முப்பத்து நான்கு வயது.

மனைவி துணி மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: “குடியை விட்டவங்க கூடிப் பேசுற கூட்டம் நடக்குதாம். இந்த மாசத்துக்குள்ள ஒரு தடவையாவது போய் உக்காருங்க. இல்லேன்னா பொண்ணைக் கூட்டிக்கிட்டு வேலூருக்கே போயிடறேன்.”

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை.

இடத்தை விசாரித்து வந்தவளும் அவள்தான். மாதா கோயில் சிஸ்டர் ஒருவர் சொன்னாராம்: ஆவடியில் ஒன்று, அம்பத்தூரில் ஒன்று, குமணன்சாவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்று. இருப்பதிலேயே தூரமானதை நான் எடுத்துக்கொண்டேன். குடித்துவிட்டுத் தெருவில் விழுந்ததைக் குவார்ட்டர்ஸே பார்த்திருந்தது. விடப் போவதை மட்டும் யாரும் பார்த்துவிடக் கூடாது!

முதல் ஞாயிறு பஸ் ஏறினேன். பருத்திப்பட்டு தாண்டியதும் இறங்கிவிட்டேன். இரண்டாவது ஞாயிறும் அதே. இரண்டு முறையும் வீடு திரும்பி, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, “கூட்டம் நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.

மூன்றாவது ஞாயிறு, பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவளும் கிளம்பினாள். பஸ் நெரிசலில் அவள் முன்வாசல் பக்கம், நான் பின்வாசல் பக்கம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அத்தனை தலைகளுக்கு நடுவே அவள் முகம் மட்டும் பின்னால் திரும்பும். விசில் ஊதும். முகம் மறையும். என் பாதம் படியில், மனம் சாலையில், நாக்கு எங்கோ முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கியிருப்பேன். அந்த முகம் திரும்பிக்கொண்டே இருந்தது, அதனால் இறங்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் அவள் நின்றுகொண்டாள். நான் வகுப்பறைக் கதவு வரை போனேன், உள்ளே பார்த்தேன், திரும்பி ஓடி வந்தேன்.

“என்ன?”

“எங்க சூப்பர்வைசர் உள்ள இருக்காரு. போன வாரம் மெமோ கொடுத்தாரே, அவர்தான். நான் குடிகாரன்னு நானே சொல்றதைக் கேட்டு எழுதிக்க ஆபீஸ்ல அனுப்பியிருக்காங்க. உள்ள போனா வேலை போச்சு.”

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். “பிடிக்க வந்தவர் எதுக்கு எல்லாருக்கும் டீ ஊத்திக்கிட்டு இருக்காரு?”

அதற்குள் அவரே வெளியே வந்துவிட்டார். நாகர்கோவில்காரர். தொழிற்சாலையில் அவர் நடந்து வந்தால் இயந்திரங்கள்கூடச் சத்தத்தைக் குறைக்கும் என்போம். கையில் டீ கெட்டில்.

“எங்கடே ஓடுத? உள்ள வா. இங்க மெமோ கெடையாது.”

“சார், நீங்க...”

“நாலு வருசமா வாறேன். ஆவடியில போனா ஆளுக தெரிஞ்சுக்கிடுவானுவன்னு இவ்வளவு தூரம் வந்தேன். நீயும் அதுக்குத்தானே வந்த? பொறவு, உன் மேல வாடை வருதுன்னு மெமோவுல எழுதினேன்லா, அந்த வாடை எனக்குத் தெரியாம வேற எவனுக்குடே தெரியும்?”

அவமானமா ஆறுதலா என்று பிரிக்க முடியாத ஒன்று முதுகில் ஏறியது. உள்ளே போனேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு, முட்டி மேஜையில் இடித்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்கள். காக்கிச் சட்டையில் ஓர் ஆட்டோக்காரர்தான் கூட்டத்தை நடத்தினார்.

“இன்னா அண்ணாத்தே, புதுசா? பேரு சொல்லணும்னு இல்ல. எதுனா சொல்லணும்னா சொல்லு. இல்லாங்காட்டி டீ குட்ச்சிக்கினு குந்திக்கினு இரு.”

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனேன். டீ மேஜையில் சிந்தியது.

“வுடு நைனா. மொத நாளு நான் ஊத்துனதுக்கு இந்த ரூமையே கழுவி வுட்டாங்க.”

சிரித்தார்கள். என்னைப் பார்த்தல்ல. ஆளாளுக்கு அவரவர் முதல் நாளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. நான் எழுந்தேன். குடியைப் பற்றிப் பேசத்தான் எழுந்தேன், வந்தது வேறு.

“ரெண்டு ஞாயித்துக்கிழமை இங்க வந்ததா வீட்டுல பொய் சொன்னேன். வரல. பாதி வழியில எறங்கிட்டேன். இன்னிக்கும் எறங்கத்தான் பார்த்தேன்.”

ஜன்னலுக்கு வெளியே அவளுடைய சேலை நிறம் தெரிந்தது. கேட்டுவிட்டாள்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் நின்றோம். பெங்களூர் லாரிகள் எங்கள் முகத்தில் புழுதி அடித்துப் போயின.

“ஊருக்குப் போறியா?” என்று நானே கேட்டேன்.

“போகல.” லாரி ஒன்று கடந்து போகும்வரை காத்திருந்தாள். “ஆனா அடுத்த வாரம் நான் உங்ககூட வரமாட்டேன். பஸ்ஸுல கழுத்தைத் திருப்பித் திருப்பி எனக்கு வலிக்குது. நீங்களாத்தான் போகணும்.”

சரி என்றேன். அடுத்த ஞாயிறு என்பது எவ்வளவு தூரம்! நடுவில் ஒரு திங்கட்கிழமை இருந்தது. அதற்கும் முன்னால், நாங்கள் வீடு போய்ச் சேர வேண்டிய அந்தச் சாயங்காலமே மிச்சம் இருந்தது. பஸ் வந்தது. இந்த முறை அவள் பின்னால் திரும்பவில்லை. நான் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.