அத்தான் வராத மின்னஞ்சல்

"மெயில் வந்திருக்கு ஆண்ட்டி. 'இதைப் பெரிசா போட்டுக் குடுங்க'ன்னு எழுதியிருக்கு. படத்தைத்தான் காணோம்," என்றார் பாய். சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் படங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரும் கடை அவருடையது.

என் அக்காவின் கணவர் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆண்டுப் பூசை. பீடத்தருகே வைக்க ஒரு படம் வேண்டும். அத்தானோ கேமராவைக் கண்டாலே பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் விறைத்துப்போகிற மனிதர். கல்யாண ஆல்பத்திலேயே அப்படித்தான். அவர் வாய்விட்டுச் சிரித்தது ஒரே ஒரு படத்தில். அது அக்காவின் போனில் மட்டும் இருந்தது. மெசேஜில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், பெரிதாக்கினால் கலங்கும், அதனால் மெயிலில் அனுப்புங்கள் என்று சொன்னதும் இந்த பாய்தான்.

அங்கேயே நின்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"நான் அனுப்பியாச்சுடி. அவரை நல்லாப் பாக்கச் சொல்லு."

பாய் ஸ்பேமிலும் தேடினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். படம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம்.

"சரி, இன்னொரு தடவை அனுப்பு."

"படம் இல்லடி. அழிச்சிட்டேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "கை சும்மா இருக்காதா உனக்கு? ஊர்ல எவன் எவனோ அனுப்புற காலை வணக்கப் பூவையெல்லாம் சேத்து வச்சிருக்க, அத்தானைத்தான் அழிக்கணுமா?" கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பதறாதீங்க லா ஆண்ட்டி," என்றார் பாய். "இன்னிக்குக் கடை சாத்துறதுக்குள்ள அனுப்புனாப் போதும். நான் போட்டுத் தந்துடுறேன்."

ரயிலேறிப் பொங்கோலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். வழி நெடுக மனத்துக்குள் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். கதவைத் திறந்தவளிடம் முதலில் போனைத்தான் கேட்டேன்.

"எங்க இருந்து அனுப்பின?"

"ரயில்ல வரும்போது."

அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. சுரங்கத்தில் சிக்னல் சரியாக இல்லை. மெயில் போகாமல் காத்துக் கிடந்திருக்கிறது. இவள் அனுப்பு பொத்தானை அமுக்கிய கையோடு படத்தை அழித்திருக்கிறாள். சிக்னல் வந்தபோது எழுத்து மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"கொஞ்சம் பொறுத்தா என்ன? போன்ல இடம் இல்லையா?"

"இடமெல்லாம் இருக்கு." அக்கா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். "இந்தப் போனே அவர் படத்தைத் தானா எடுத்துக் காட்டுதுடி. நான் ஒண்ணும் தேடிப் போகல. மணி பாக்கலாம்னு எடுத்தா, சிரிச்சிக்கிட்டு வந்து நிக்கிறாரு. பஸ்ல நிக்கிறாரு, மார்க்கெட்ல நிக்கிறாரு. என்னால முடியல. கோயில்ல எல்லாரும் பாக்கட்டும். எனக்கு வேணாம்."

கடையில் அத்தனை பேர் முன்னால் இவளைத்தானா திட்டினேன்?

"கிடைச்சா எங்கிட்டக் காட்டாத," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அழித்த படம் உடனே தொலைந்துவிடாது. போனுக்குள்ளேயே ஒரு குப்பைத்தொட்டி உண்டு, சில நாள் அதில் கிடக்கும். திறந்தேன். பூக்களுக்கும் பழைய ரசீதுகளுக்கும் நடுவில் அத்தான்! பிரியாணித் தட்டுக்கு முன்னால் கண்ணை மூடிச் சிரிக்கிறார். படத்தை மீட்டு, வீட்டு வைஃபையில் போட்டு, சுருக்காமல் முழு அளவிலேயே அனுப்பினேன். போய்விட்டது என்று திரையில் வரும்வரை போனைக் கீழே வைக்கவில்லை.

சற்று நேரத்தில் பாய் அக்காவின் போனுக்கே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"வந்துருச்சு ஆண்ட்டி, பளிச்சுன்னு இருக்கு. ஆனா சட்டையில குழம்பு சிந்தியிருக்கு. பெரிசு பண்ணினா நல்லாத் தெரியும். கம்ப்யூட்டர்லயே எடுத்துடவா?"

அடுப்படியிலிருந்து அக்கா வந்துவிட்டாள். "எங்க சிந்தியிருக்கு?"

காட்டாதே என்று சொன்னவள். நான் தயங்கினேன். அவளே கையை நீட்டிப் போனை வாங்கி, படத்தைத் திறந்து, விரலால் விரித்துப் பார்த்தாள். சட்டைப் பையருகே மஞ்சளாக ஒரு திட்டு. அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"எடுக்க வேணாம் பாய். அப்படியே இருக்கட்டும்."

பாய் போனை வைத்துவிட்டார். அக்கா வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கக்கூட இல்லை.

"பாத்துச் சாப்பிடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?" என்றாள் திரையைப் பார்த்து. "வெள்ளைச் சட்டை. யாரு துவைக்கிறது?"